மாற்றுத்திறனாளி சேவை வேலையில் மிரட்டலும் தொல்லையும்: தடுப்பது எப்படி, நடந்தால் என்ன செய்வது

"அவங்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துப் போயேன்." மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம், பகல் நேர மையம், வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் சேவை என்று எங்கே வேலை பார்த்தாலும் இந்த வாக்கியம் ஒரு நாள் காதில் விழும். மேலாளர் எல்லார் முன்னாலும் கத்தினார் என்று போய் நின்றால் இதைச் சொல்வார்கள், சக ஊழியர் வேண்டுமென்றே ஷிப்டை மாற்றிவிட்டார் என்றால் இதைச் சொல்வார்கள், பாலியல் சீண்டலைப் பற்றி வாய் திறந்தால்கூட, இல்லத்தின் பெயர் கெட்டுப்போனால் இங்கே இருக்கிறவர்கள் எங்கே போவார்கள் என்று அதே பாட்டைப் பாடுவார்கள். இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலர் மனசு இளகியவர்கள், அதனால் அந்தப் பேச்சு எடுபட்டுவிடுகிறது. ஆனால் அதில் உண்மை இல்லை. ஊழியரை அடக்கி ஒடுக்கி வைக்கிற இடத்தில் பயனாளிக்கும், அதாவது அங்கே சேவை பெறும் மாற்றுத்திறனாளிக்கும், நல்லது நடக்காது. பயனாளியைக் காட்டி உங்கள் வாயை அடைக்க விடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது பற்றி.

எது தொல்லை, எது இல்லை

மருந்து கொடுத்ததைப் பதிவேட்டில் எழுத மறந்துவிட்டீர்கள், மேலாளர் தனியாகக் கூப்பிட்டு, எந்தத் தேதி, எந்த வேளை என்று காட்டி, இனி இப்படி ஆகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறார். இது மிரட்டல் இல்லை. கேட்கக் கசப்பாக இருந்தாலும் அது அவர் வேலை. அதே தவறை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "சிலருக்குச் சம்பளம் வாங்க மட்டும் ஞாபகம் இருக்கும்" என்று எழுதி, அடுத்த வாரமும் அதைக் குத்திக் காட்டி, மூன்றாவது வாரம் உங்களை மட்டும் தொடர்ந்து இரவு ஷிப்டில் போட்டால் அது வேறு கதை. குறை சொன்னாரா என்பதை மட்டும் பார்க்காதீர்கள். எப்படிச் சொன்னார், எத்தனை தடவை சொன்னார், திருத்துவதற்காகச் சொன்னாரா சிறுமைப்படுத்துவதற்காகச் சொன்னாரா என்று பாருங்கள்.

திரும்பத் திரும்ப நடந்தால்தான் தொல்லை என்று நினைத்துக் காத்திருக்கவும் வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றி, 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்த 190ஆம் எண் உடன்படிக்கை, ஒரே ஒரு தடவை நடந்தாலும் அது வன்முறையோ தொல்லையோ ஆகலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. உடல், மனம், பாலியல், பொருளாதாரம் என்று எந்த வகைப் பாதிப்பையும் அது சேர்த்துக்கொள்கிறது. பயிற்சிக்கு வந்தவர், தன்னார்வலர், வேலை தேடி நேர்காணலுக்கு வந்தவர் எல்லாருக்கும் அது பொருந்தும். வேலைக்குப் போகும் வழி, முதலாளி கொடுத்த தங்கும் அறை, போனில் வரும் செய்தி எல்லாமே அதன் கணக்கில் வேலை சார்ந்த இடங்கள்தான். அதோடு வந்த 206ஆம் எண் பரிந்துரை, ஆபத்து அதிகமாக இருக்கக்கூடிய வேலைகளாக இரவு வேலை, தனியாகச் செய்யும் வேலை, மருத்துவத் துறை, சமூக சேவை, வீட்டு வேலை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒரு பராமரிப்பாளரின் ஒரு வார டூட்டி ரோஸ்டரை எடுத்துப் பாருங்கள், அந்தப் பட்டியலில் பாதி அதற்குள்ளேயே இருக்கும். உங்கள் நாடு அந்த உடன்படிக்கையை ஏற்றிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் சட்டப் பலம், ஆனாலும் புகார்க் கடிதத்தில் மேற்கோள் காட்ட அது நல்ல ஆதாரம்.

இந்தத் துறைக்கே உரிய மிரட்டல் ஒன்று உண்டு, அது சத்தமே போடாது. தகவலை மறைப்பது. ஒருவருக்கு விழுங்குவதில் சிரமம், தண்ணீரைக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று பேச்சு, விழுங்கல் பிரச்சினைகளைப் பார்க்கும் சிகிச்சையாளர் அன்று மதியம் மாற்றி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். மாலை ஷிப்டுக்கு வரும் புதியவர் மீது கோபத்தில் இருக்கும் பழைய ஊழியர், ஷிப்ட் மாறும்போது செய்யும் ஒப்படைப்பில் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். புதியவர் வழக்கம்போல டம்ளரில் தண்ணீர் கொடுக்கிறார், முதல் வாய் உள்ளே போனதுமே புரையேறி, முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய அந்தப் பயனாளி இருமத் தொடங்குகிறார். நுரையீரலுக்குள் தண்ணீர் போனால் நிமோனியா வரை போகலாம். புதியவரை மாட்டிவிடச் செய்த வேலையில் உயிருக்கு ஆபத்து வந்தது யாருக்கு? ஊழியர் தகராறு என்று சொல்லி ஒதுக்கும் விஷயங்களில் பல, கடைசியில் பயனாளி தலையில்தான் விடிகின்றன.

யார் செய்கிறார் என்பதைப் பொறுத்து வழி மாறும்

சக ஊழியர், மேலாளர் என்றால் கீழே சொல்லும் பதிவு, புகார் வழிதான். பயனாளியின் குடும்பத்தினர் செய்தால் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் அவர்கள் வாடிக்கையாளர், நிர்வாகம் அவர்கள் பக்கம் சாயும். நள்ளிரவில் உங்கள் சொந்த எண்ணுக்குப் போன் செய்து திட்டுவது, உங்கள் சாதி, மதம், நிறம் பார்த்து "இவங்க தொடக் கூடாது" என்பது, வீட்டில் தனியாக இருக்கும்போது அண்ணனோ மாமாவோ அத்துமீறுவது எல்லாமே பணியிடத் தொல்லைதான். உங்கள் முதலாளிக்கு அதில் பொறுப்பு உண்டு. சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள், அலுவலக எண் வழியாகவே பேசச் சொல்லுங்கள். அத்துமீறல் நடந்த வீட்டுக்கு இனி தனியாகப் போக மாட்டேன், இருவராக அனுப்புங்கள் அல்லது வேறு ஏற்பாடு செய்யுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

பயனாளியே அடித்தால், கடித்தால், துப்பினால்? பல நேரம் அது மிரட்டல் இல்லை. பல்வலி, மலச்சிக்கல், சத்தம், பழக்கமில்லாத முகம், சொல்லத் தெரியாத பயம் என்று ஏதோ ஒன்றை அவர் உடம்பால் சொல்கிறார். அவர் மீது புகார் எழுதுவதற்குப் பதில், என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, அப்புறம் என்ன ஆனது என்று மூன்றையும் எழுதிச் சம்பவ அறிக்கை கொடுங்கள், மருத்துவப் பரிசோதனையும், நடத்தை ஆதரவுத் திட்டத்தில் (அவரை எப்படிக் கையாள்வது என்று எழுதி வைத்த திட்டம்) மாற்றமும் கேளுங்கள். ஆனால் "அவருக்குத் தெரியாது பாவம், நீ விட்டுடு" என்று அறிக்கையே எழுதவிடாமல் செய்வது நிர்வாகத்தின் தவறு. உங்கள் கையில் பல் பதிந்திருக்கிறது, அதற்கு மருந்து, ஓய்வு, அடுத்த முறை கூட ஒரு ஆள், மூன்றும் வேண்டும். இன்னொன்று, எல்லாப் பயனாளியும் ஒன்றும் தெரியாதவர் இல்லை. நன்றாகப் புரிந்துகொண்டே அசிங்கமாகப் பேசுகிறவர், தொடுகிறவர் இருப்பார். அவரிடம் வளர்ந்த மனிதரிடம் பேசுவது போலவே நேராகச் சொல்லுங்கள்: "இப்படித் தொடக் கூடாது. திரும்பச் செஞ்சா நான் வெளியே போய் இன்னொருத்தரை அனுப்புவேன்." அவரைக் குழந்தையாக நினைத்துச் சிரித்து மழுப்புவது அவருக்கும் மரியாதை இல்லை. கிளம்பும் முன் அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்: ஆளைத் தூக்கி நகர்த்தும் கருவியிலோ குளியல் தொட்டியிலோ யாரையும் விட்டுவிட்டு நகரக் கூடாது.

ஊழியரே மாற்றுத்திறனாளியாக இருந்து தொல்லைக்கு ஆளாவதும் நடக்கிறது, அதுவும் மாற்றுத்திறனாளிகளுக்காகவே நடக்கும் அமைப்புகளில். பேச்சை நடித்துக் காட்டுவது, சக்கர நாற்காலியைக் கேட்காமல் தள்ளி ஓரம் கட்டுவது, சக்கர நாற்காலியில் மேலே போக வழி இல்லாத மாடியில் கூட்டம் வைத்துவிட்டு "உங்களுக்கு அப்புறம் சொல்றோம்" என்பது. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு வேலை பற்றிப் பேசும்போதே தொல்லையிலிருந்து பாதுகாப்பு, குறை தீர்க்கும் வழி இரண்டையும் உரிமையாகச் சொல்கிறது. பயனாளிக்கு வாங்கித் தரும் உரிமை ஊழியருக்கு இல்லாமல் போகாது.

நடந்தவுடன்

உடனடி ஆபத்து என்றால் முதலில் வெளியே வாருங்கள், இன்னொருவரைக் கூப்பிடுங்கள், அடிதடி, பாலியல் வன்முறை என்றால் போலீஸ், மருத்துவமனை. விசாரணைக் குழுவெல்லாம் அப்புறம்.

மற்றபடி, முடிந்தால் ஒரு தடவை நேராகச் சொல்லிப் பாருங்கள். நீளமாக வேண்டாம். "மேடம், எல்லார் முன்னாலும் இப்படிப் பேசாதீங்க. தப்பு இருந்தா தனியா சொல்லுங்க, திருத்திக்கிறேன்." அவ்வளவு போதும். பாலியல் தொல்லை, மிரட்டுகிற ஆள், பயம் என்றால் நேரில் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. "நீ ஏன் அப்பவே சொல்லல?" என்று யாராவது கேட்டால், பயமாக இருந்தது என்பதே முழுப் பதில்.

அடுத்து எழுதுங்கள். அன்றைக்கே, தூங்கும் முன். எல்லாரும் கொஞ்சம் அலட்சியமாக விடுகிற இடம் இதுதான், பின்னால் உங்களைக் காப்பாற்றப் போவதும் இதுதான். "சூப்பர்வைசர் எப்பவும் என்னை அசிங்கப்படுத்துறார்" என்று எழுதினால் யாராலும் விசாரிக்க முடியாது. இப்படி எழுதினால் முடியும்:

"மார்ச் 12, செவ்வாய், இரவு 9.10. ஒப்படைப்பு அறை. சூப்பர்வைசர் என்னிடம், 'உனக்கு மூளை இருக்கா, அவங்களுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்' என்று சத்தமாகச் சொன்னார். இரவு ஷிப்ட் ஊழியர்கள் இருவர் அங்கே இருந்தார்கள். ஹாலில் உட்கார்ந்திருந்த பயனாளி க. அவர்களுக்கும் கேட்டது, அவர் காதைப் பொத்திக்கொண்டார். நான் பதில் சொல்லவில்லை. 9.25க்குக் கிளம்பினேன். இரவு தூக்கம் வரவில்லை."

சொன்ன வார்த்தை அப்படியே, மேற்கோள் குறிக்குள். யார் இருந்தார்கள், எவ்வளவு நேரம், உங்களுக்கு என்ன ஆனது. உங்கள் ஊகம் எதுவும் இல்லை. "அந்த ஆளுக்கு என் மேல் பொறாமை" என்பதை மனதோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு திட்டு பயனாளியையும் சேர்த்தே இழிவுபடுத்துகிறது என்பதைக் கவனித்தீர்களா? இதையும் விசாரணையில் சுட்டிக்காட்டலாம்.

பயனாளியின் முழுப் பெயர், நோய் விவரம், படம் எதுவும் உங்கள் சொந்த டைரியிலோ போனிலோ இருக்கக் கூடாது, முதல் எழுத்து போதும். பராமரிப்புக் கோப்பைப் போட்டோ எடுத்து வீட்டுக்குக் கொண்டு போனால், உங்கள் புகாரை விட்டுவிட்டு உங்கள் மீதே ரகசிய மீறல் நடவடிக்கை எடுப்பார்கள், அதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும். கோப்பில் ஆதாரம் இருக்கிறது என்றால் எந்தப் பதிவேடு, எந்தத் தேதி என்று மட்டும் குறித்து, அதைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகள், மாற்றப்பட்ட ரோஸ்டர் இவற்றைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பயனாளி பெயர் இருந்தால் மறைத்து, சொந்த மின்னஞ்சலில் சேமியுங்கள், குரூப்பிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன். ஒருவருக்குத் தெரியாமல் அவர் பேச்சைப் பதிவு செய்வது சில நாடுகளில் குற்றம், கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் செய்ய வேண்டாம். பயனாளியின் வீட்டுக்குள் கேமரா எடுக்கவே வேண்டாம்.

புகார்

வாய்மொழியாகச் சொன்ன புகார் காற்றோடு போகும். எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தோ பதில் மின்னஞ்சலோ வாங்குங்கள். ஒரு பக்கம் போதும்: நீங்கள் யார், யார் மீது புகார், தேதிவாரியாக முக்கியமான மூன்று நான்கு சம்பவங்கள், சாட்சிகள், அப்புறம் என்ன வேண்டும். கடைசியில் இருப்பதைப் பலர் எழுதுவதில்லை. "நீதி வேண்டும்" என்றால் நிர்வாகம் அதை என்ன செய்யும்? "விசாரணை முடியும்வரை இவரோடு ஒரே ஷிப்ட் வேண்டாம், அதற்காக என் வேலை நேரத்தையும் சம்பளத்தையும் குறைக்கக் கூடாது, எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று தெரிவியுங்கள்" என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். புகார் கொடுத்தவரையே இடம் மாற்றுவது இங்கே அடிக்கடி நடக்கும். அதுவே தண்டனை போல ஆகிவிடும். நீங்களே கேட்டால் தவிர அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சின்ன அமைப்புகளில் மேலாளர் நிறுவனரின் உறவாக இருப்பார், ஊழியர் விவகாரங்களைப் பார்க்க ஹெச்.ஆர். என்று தனியாக யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது அறங்காவலர் குழு, நிர்வாகக் குழுத் தலைவர் என்று ஒரு படி மேலே போங்கள், தொழிற்சங்கம் இருந்தால் முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள், தொழிலாளர் துறை, உரிமம் கொடுக்கும் அரசு அலுவலகம் எல்லாம் இருக்கிறது.

கெடுவை மட்டும் தவற விடாதீர்கள், அது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் குறித்த 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார் குழு இருந்தாக வேண்டும். அதைவிடக் குறைவு என்றாலோ முதலாளி மீதே புகார் என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். ஆஸ்திரேலியாவில் பணியிட மிரட்டலை நிறுத்தச் சொல்லி ஃபேர் வொர்க் கமிஷன் என்ற தொழிலாளர் தீர்ப்பாயம் உத்தரவு போட முடியும், ஆனால் அது இனி நடக்காமல் தடுப்பதற்கான உத்தரவு, இழப்பீடு தருவதற்கானது இல்லை. அதனால் வேலையை விட்டுவிட்ட பிறகு அந்த வழி பொதுவாக மூடிக்கொள்ளும். கோபத்தில் ராஜினாமாக் கடிதத்தை நீட்டும் முன் உங்கள் நாட்டில் எந்தக் கதவு எப்போது சாத்தும் என்று ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

பயனாளியை யாராவது கொடுமைப்படுத்துவதைப் பார்த்தீர்கள் என்றால், அதை உங்கள் சொந்தப் புகாருக்குள் ஒரு பத்தியாக நுழைக்காதீர்கள். தனி அறிக்கை, அன்றைக்கே, உங்கள் நாட்டில் அதற்கென்று இருக்கும் பாதுகாப்பு அமைப்புக்கும் சேர்த்து. இரண்டையும் கலந்தால் "தன் சண்டைக்கு அவங்களை இழுக்கிறாள்" என்று இரண்டையும் ஒதுக்கிவிடுவார்கள். 2011இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் கற்றல் குறைபாடு உள்ளவர்களை ஊழியர்கள் அடித்துத் துன்புறுத்துவதை பிபிசி ரகசியமாகப் படம் பிடித்து ஒளிபரப்பியது, 11 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார்கள். அங்கே வேலை பார்த்த மூத்த செவிலியர் ஒருவர் முன்பே நிர்வாகத்திடமும் அரசின் கண்காணிப்பு ஆணையத்திடமும் சொல்லியிருந்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊழியர் சொல்வதைக் கேட்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

பக்கத்தில் நின்று பார்ப்பவர்

எல்லாரும் வீராவேசமாகக் குறுக்கே பாய வேண்டியதில்லை. "அக்கா, உங்களுக்குப் போன் வந்திருக்கு" என்று அந்த இடத்திலிருந்து வெளியே கூப்பிடலாம். பின்னால் போய் "நான் பார்த்தேன், தேவைப்பட்டால் எழுதிக் கொடுக்கிறேன்" என்று சொல்லலாம். தனியாக இருக்கிறோம் என்ற நினைப்புதான் ஆளை உடைக்கிறது.

மேலாளராக இருந்தால்

சுவரில் கொள்கை அறிக்கை ஒட்டுவதால் எதுவும் மாறாது. அதிகாரம் எங்கே மறைந்திருக்கிறது என்று பாருங்கள், முக்கியமாக ரோஸ்டரில். யாருக்குத் தொடர்ந்து இரவு, யாருக்கு மட்டும் விடுமுறை நாளில் டூட்டி, யார் எப்போதும் அதிக உடலுழைப்பு தேவைப்படும் அறையில் என்று மூன்று மாத ரோஸ்டரை வரிசையாக வைத்துப் பார்த்தால், யாரும் வாய் திறக்காமலேயே பாதி தெரிந்துவிடும். ரோஸ்டர் போடும் ஆள் ஒருவராக மட்டும் இருக்கக் கூடாது, மாற்றினால் காரணம் எழுத வேண்டும். ஒப்படைப்பு எழுத்தில், இருவர் கையெழுத்தோடு இருக்கட்டும், தகவலை மறைக்கும் விளையாட்டு அதோடு நிற்கும். தனியாகப் போகும் ஊழியருக்கு, போய்ச் சேர்ந்ததும் கிளம்பியதும் தெரிவிக்கும் முறையும், தெரிவிக்காவிட்டால் யார் கூப்பிடுவது என்ற முடிவும் வேண்டும். குடும்பத்தினரோடு சேவை ஒப்பந்தம் போடும்போதே, ஊழியரைத் திட்டினால், தொட்டால் என்ன ஆகும் என்று எழுதிவிடுங்கள், நடந்த பிறகு சொன்னால் சண்டைதான் வரும்.

புகார் வந்தால் சம்பந்தப்பட்டவரோடு நட்போ உறவோ இல்லாத ஆளை விசாரிக்க வையுங்கள். புகாருக்கு ஆளானவரிடமும் முழுதாகக் கேளுங்கள், சில புகார்கள் தவறாகவும் இருக்கும், அதைக் கேட்காமல் தெரிந்துகொள்ள முடியாது. ஹாலில் உட்கார்ந்திருந்த பயனாளி எல்லாவற்றையும் பார்த்திருப்பார், ஆனால் அவரிடம் யாரும் கேட்பதே இல்லை, பேச்சு வராதவர் சாட்சி ஆக முடியாது என்று முடிவு கட்டிவிடுகிறோம். படப் பலகையிலோ சைகையிலோ சொல்கிறவரிடம், அவருக்குப் பிடித்த நம்பகமான ஒருவர் பக்கத்தில் இருக்க, அவர் விருப்பப்பட்டால் மட்டும், பதிலை வாயில் திணிக்காத எளிய கேள்வியாகக் கேளுங்கள். "அவர் திட்டினார்தானே?" என்று கேட்காதீர்கள். "அன்று ராத்திரி என்ன ஆச்சு?" என்று கேளுங்கள், பதில் வர நேரம் கொடுங்கள்.

அப்புறம்

தூக்கம் இல்லை, வேலைக்குக் கிளம்பும்போது வயிறு கலங்குகிறது என்றால் மருத்துவரிடம் போய்க் காரணத்தையும் சொல்லுங்கள், சிகிச்சையும் கிடைக்கும், தேதியிட்ட பதிவும் இருக்கும். விசாரணை முடிந்த பிறகும் டைரியை மூடாதீர்கள். பழிவாங்கல் பெரும்பாலும் கத்தலாக வராது. பயிற்சிக்குப் பெயர் சேர்க்காமல் விடுவார்கள், ஷிப்ட் குறையும், திடீரென்று உங்கள் பதிவேடுகளில் மட்டும் தவறு கண்டுபிடிக்கப்படும். அதை முதல் புகார் எண்ணைக் குறிப்பிட்டுப் புதிய புகாராக எழுதுங்கள்.

அங்கே இனி இருக்க முடியாது என்று முடிவு செய்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ராஜினாமாக் கடிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதாமல், எந்தப் புகார், எந்தத் தேதியில் கொடுத்தது, என்ன நடவடிக்கை இல்லை என்று இரண்டு வரியில் எழுதுங்கள். சம்பளச் சீட்டு, பணி அனுபவச் சான்றிதழ், விடுப்புக் கணக்கு மூன்றையும் கடைசி நாளுக்கு முன் வாங்கிவிடுங்கள். நீங்கள் பார்த்துக்கொண்ட பயனாளிக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவார், எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும் என்று பராமரிப்புக் கோப்பில் தெளிவாக எழுதி, அடுத்து வருகிறவரிடம் நேரில் சொல்லிக் காட்டுங்கள். நீங்கள் கிளம்புவதை அவரிடமே சொல்லவும் நேரம் கேளுங்கள், சொல்லாமல் மறைந்துவிட்டால் நாள் கணக்கில் வாசலைப் பார்த்துக் காத்திருப்பவர்கள் உண்டு. நிர்வாகம் அதற்கும் அனுமதி தரவில்லை என்றால், கேட்டதையும் மறுத்ததையும் தேதியோடு எழுதி வையுங்கள்.